பளபளப்பு சரி... அப்புறம்?

லாரிக்கு பாலிஷ் போட்டவனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கார்க்காரர் போடுவார். புல்லட் வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியன் துணியோடு வாசலில் உட்கார்ந்து போடுவார். லாரிக்கு யாரப்பா போடுவது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நான் போட்டேன். போட்டு, நாலு பேர் கைதட்டும் வாங்கி, அப்புறம் மூன்று மாதம் கழித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவனும் நான்தான்.

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, 'மாணவர்களும் சமுதாயமும்' என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதை வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று. அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். வீட்டில் ஒரே ஒரு லாரி, பத்து சக்கரம். அப்பாவே ஓனர், அப்பாவே டிரைவர். கூட ஒரு கிளீனர் பையன். பெரும்பாலும் அரியலூர் பக்கத்திலிருந்து சிமெண்ட் மூட்டை நடை. வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டதால் வருஷா வருஷம் எப்.சி. காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் தீபாவளி, பொங்கல் மாதிரி எப்.சி.யும் ஒரு பண்டிகை. என்ன, இந்தப் பண்டிகைக்குப் பணம் வெளியே மட்டும்தான் போகும்.

போன வருஷம் நானும் வகுப்பு நண்பர்கள் மூன்று பேரும் மினி புராஜக்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தோம். கடையில் புதிதாக ஒரு கார் வேக்ஸ் வந்திருந்தது. டப்பாவில் கார்னோபா மெழுகு என்று போட்டிருந்தது. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலைமேல் படிகிற மெழுகு அது. 82 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் உருகும். ஆகவே நம்ம ஊர் வெயிலில் தகரம் எவ்வளவு சுட்டாலும் வழியாது. "காருக்குப் போடுறதை லாரிக்குப் போட்டா என்னடா ஆகும்? பார்த்துடலாமே" என்றான் ஒருவன். தலைப்பு கிடைத்துவிட்டது.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன். கார் பெயிண்ட் வேறு, எங்கள் லாரி பெயிண்ட் வேறு. இப்போது வருகிற கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. நீங்கள் துடைப்பதும் தேய்ப்பதும் அந்தக் கண்ணாடிப் பூச்சைத்தான். எங்கள் வண்டியின் கேபினும் பாடியும் பட்டறையில் கட்டியது. அடித்தது சிந்தடிக் எனாமல். மேல்பூச்சு ஏதும் கிடையாது, நிறமே தோல். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் அதன் பிசினைத் தின்றுவிட, நிறப்பொடி மட்டும் மேலே பூத்து நிற்கும். பழைய லாரியின் கதவில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், சுண்ணாம்புச் சுவர் மாதிரி விரலில் ஒட்டும். எங்கள் ஆரஞ்சு கேபின் அந்த நிலையில்தான் இருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தோம். வெயிலில் போட்டால் மெழுகோடு கலந்திருக்கிற கரைப்பான் சட்டென்று உலர்ந்து, துடைக்கத் துடைக்கத் திட்டுத்திட்டாக நிற்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, இடது கதவுக்கு மட்டும் பூசினோம். துணி ஆரஞ்சாக வந்தது. "அழுக்கு எப்படி வருது பாருடா!" என்று சந்தோஷப்பட்டோம். அது அழுக்கல்ல, செத்துப்போன பெயிண்ட். வேக்ஸில் நைசாக ஒரு தேய்ப்புப் பொடியும் கலந்திருந்தது. அதனால் மேல்தோல் உரிந்து, அடியிலிருந்த நல்ல நிறம் மேலே வந்தது. பத்து நிமிஷம் விட்டுப் பனியன் வேஸ்டால் துடைத்தால்... ஆஹா! கிளீனர் பையன் கதவில் முகம் பார்த்துத் தலை சீவினான். "அண்ணா, வண்டி புதுசா வாங்குன மாதிரி இருக்குதுங்ணா" என்றான். அவன் இதுவரை டீசல் துணியால் துடைத்துத்தான் பளபளப்புக் காட்டுவான். டீசல் மினுக்கம் அரை நாள் நிற்கும். பிறகு அதன்மேல் புழுதி முழுக்க வந்து அப்பிக்கொள்ளும்.

வலது கதவை ஒன்றும் செய்யாமல் விட்டு வைத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமல்லவா? அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தோம் என்று இப்போதும் சொல்லுவேன். இரண்டு நடை போய்வந்த பிறகு பார்த்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. மழை பெய்தால் இடது கதவில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது, வலது கதவில் படிந்து வழிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் சிமெண்ட் தூசி. லோடு ஏற்றும்போது படிகிற தூசி, விடியற்காலைப் பனியில் நனைந்து அப்படியே இறுகிவிடும். ஈரச் சிமெண்ட் காரத்தன்மை கொண்டது. எனாமலின் பிசினிலோ எண்ணெய் இருக்கிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு என்று முதல் வருஷக் கெமிஸ்ட்ரியில் படித்தோமே, அந்த வேலைதான் லாரிக் கதவில் மெதுவாக நடக்கிறது. மெழுகு பூசிய கதவில் ஈரத்துணி பட்டதும் சிமெண்ட் கழன்று வந்தது. மற்றக் கதவில் சுரண்ட வேண்டியிருந்தது. ஆகவே லாரிக்கு வேக்ஸ் வெறும் ஷோக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிமெண்ட் ஏற்றுகிற வண்டிக்கு அது உண்மையிலேயே ஒரு சட்டை.

அந்தக் கொண்டாட்டத்தில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கேபின் முழுக்கப் பூசிவிட்டேன். ஒட்டியிருக்கிற ரிப்ளெக்டர் டேப்பை மட்டும் தொடவில்லை. முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. அதைத் தேய்த்து மங்க வைத்தால் ராத்திரியில் பின்னால் வருகிறவனுக்கு எமன். அந்த அளவு புத்தி இருந்தது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை நகர்த்தியபோது தெருவே பார்த்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஸ்டாண்டில் யாரோ கேட்டதற்கு, "பையன் பாலிடெக்னிக் படிக்கறான், அவம் பண்ணுனது" என்றாராம். அதைக் கிளீனர்தான் வந்து சொன்னான். நவம்பரில் செமினார். பூசுவதற்கு முன், பூசிய பின் என்று இரண்டு போட்டோ, தொடுகோணம் 90 டிகிரிக்கு மேல் போனால் தண்ணீர் ஒட்டாது என்று ஒரு படம், தாமரை இலை உவமை ஒன்று. நல்ல மார்க். ரிப்போர்ட்டுக்குப் பைண்டிங் செய்து தங்க எழுத்தும் போட்டோம். புராஜக்ட் முடிந்தது.

முடிந்தது என்று நாங்கள்தான் நினைத்தோம்.

மழைக்காலம் முடிவதற்குள் தண்ணீர் உருள்வது நின்றுபோனது. சரி, மெழுகு போய்விட்டது என்று விட்டுவிட்டேன். தை மாதம் எப்.சி. வந்தது. கேபினுக்கு டச்-அப் செய்து, இடப்பக்கம் காலி எடை, மொத்த எடை, எப்.சி. விவரமெல்லாம் புதிதாக எழுத வேண்டும். எங்கள் வண்டிக்கு எப்போதும் எழுதுகிற பெயிண்டர் அண்ணன்தான் வந்தார். வயது அறுபது இருக்கும். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற இந்தக் காலத்திலும் பிரஷ் பிடித்து எழுதுகிறவர். வழக்கம் போலக் கதவை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, ஸ்பிரே அடித்தார். அடித்த பெயிண்ட் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அங்கங்கே வட்ட வட்டமாக விலகி, நடுவில் பழைய நிறம் எட்டிப் பார்த்தது. மீன் கண் மாதிரி நூறு கண். அவர் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏந் தம்பி, இதுல என்னத்தைத் தடவுன?"

"வேக்ஸுங்ணா... அது எப்பவோ போயிடுச்சுங்க."

"போயிடுச்சா? நீ சொல்றே. பெயிண்ட் அப்படிச் சொல்லலியே."

அந்த ஒரு வார்த்தையில் என் செமினார் முழுக்க அடங்கிவிட்டது. தண்ணீரை உருட்டிவிட்ட அதே குணம்தான் பெயிண்டையும் உருட்டிவிட்டது! மழைக்கு ஒட்டாத பரப்பு பெயிண்டுக்கு மட்டும் ஒட்டிவிடுமா? இந்த மாதிரி பாலிஷ்களில் பளபளப்புக்காகச் சிலிக்கோன் சேர்ப்பதுண்டு. மெழுகு தேய்ந்து தண்ணீர் உருள்வது நின்ற பிறகும் அதன் மிச்சம் பரப்பில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதைத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் இன்னும் உள்ளே தேய்த்து ஏற்றிவிடுகிறோம். முதலில் கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் வழித்தெடுக்க வேண்டும், துணியை மாற்றி மாற்றி. அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். இது பெயிண்டர் அண்ணனுக்குத் தெரியும். வண்டியில் வேக்ஸ் போட்டிருக்கிறது என்பதுதான் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அடித்த பெயிண்டை முழுக்க வழித்து, துடைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி அடித்து, காய்ந்து, எழுத்து எழுதி முடிக்க இரண்டு நாள் கூடுதலாகப் போனது. எப்.சி.க்குக் குறித்த நாள் தவறியது. எப்.சி. இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது. பேசி வைத்திருந்த லோடு வேறு வண்டிக்குப் போனது. அந்த வாரம்தான் பைனான்ஸ் தவணை. அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போய் மாசியில்தான் திரும்பி வந்தது. பெயிண்டர் அண்ணன் இரண்டாம் முறை அடித்ததற்குக் கூலி வாங்க மாட்டேன் என்றார். அப்பா வலுக்கட்டாயமாகச் சட்டைப்பையில் வைத்தார். என்னை யாரும் திட்டவில்லை. "தெரிஞ்சா பண்ணுனே, விடு கண்ணு" என்றார் அப்பா. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். வேக்ஸ் கெட்டது என்பதல்ல என் வாதம். எங்கள் சோதனைதான் பாதியில் நின்ற சோதனை. ஒரு பூச்சைப் பரிசோதிப்பது என்றால் அது பூசியதிலிருந்து அடுத்த பெயிண்ட் அடிக்கும் வரைக்கும் கணக்கு. நாங்கள் போட்டோ எடுத்த நாளோடு முடித்துக்கொண்டோம். ஏன்? செமினார் தேதி அதுதான். டிபார்ட்மெண்ட் அலமாரியைத் திறந்து பாருங்கள். வரிசை வரிசையாகத் தங்க எழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுகள். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் 'வெற்றிகரமாகச் செயல்பட்டது' என்றிருக்கும். எந்த நாளில்? வைவா நாளில். அதற்கு அடுத்த மாதம் அது என்ன ஆனது என்று எழுதிய ரிப்போர்ட் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. சில புராஜக்டுகள் வைவா முடிந்த அன்று சாயங்காலமே கழற்றப்பட்டு, மோட்டார் திரும்பக் கடைக்குப் போய்விடுகிறது. நண்பர்களே கோபித்துக்கொள்ளக்கூடாது, நம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தானே இது.

ஆகவே யூனியன் வழியாக நான் கேட்பது ஒன்று. ஒவ்வொரு வருஷமும் புராஜக்ட் ஆரம்பிக்கும்போது, ஜூனியர்களின் முதல் வேலையாக முந்தின வருஷத்துப் புராஜக்ட் ஒன்றைத் தேடிப் போய்ப் பார்த்து, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். ஓடுகிறதா, துருப்பிடித்ததா, யாரிடம் இருக்கிறது, எதனால் நின்றது. "இதுக்கெல்லாம் யார் மார்க் போடுவாங்க?" என்று ஹாஸ்டலில் சண்டைக்கு வந்தார்கள். முதல் ரிவ்யூவுக்குத் தருகிற மார்க்கை இதற்குத் தரலாமே? முதல் ரிவ்யூவில் இப்போது நாம் என்ன காட்டுகிறோம்? தலைப்பைத்தானே! சீனியர் மானம் போய்விடும் என்றும் ஒருவர் சொன்னார். போகட்டுமே. என் மானம் இந்த மலரிலேயே போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் யாராவது ஒருவர் 'பெயிண்ட் பிடிக்கவில்லை' என்று நாலு வரி எழுதி அந்த அலமாரியில் வைத்திருந்தால் எங்கள் வீட்டு வளையல் வீட்டிலேயே இருந்திருக்கும்.

மாசி மாதம் வளையல் வந்த பிறகு அப்பாவே ஆரம்பித்தார். "அந்த மருந்து சிமெண்டுக்கு நல்லாத்தான்டா கேட்டுச்சு. மறுபடி பூசறதுக்கு வழி இருக்கா?" எனாமல் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லத்தான் முழுசாக இறுகும். புதுப் பெயிண்ட் ஆயிற்றே என்று அதற்கும் சில வாரம் விட்டு, பங்குனியில்தான் டப்பாவைத் திறந்தோம். இந்த முறை தேய்ப்புப் பொடி இல்லாத ரகம். வலது கதவும் முன்பக்கமும் மட்டும். இடது கதவில், எடை எழுதுகிற இடத்தில், ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. வலது கதவின் கீழ் மூலையில் ஓர் அடிச் சதுரத்துக்குப் பேப்பர் ஒட்டி, பூசாமல் விட்டிருக்கிறோம். டூல்ஸ் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. பூசிய தேதி, இடம், டப்பாவின் பெயர், ஒவ்வொரு நடை முடிந்து கழுவும்போதும் எப்படி இருந்தது என்று கிளீனர் பையன் அவன் கையெழுத்திலேயே எழுதுகிறான். முதல் பக்கத்தில் 'பெயிண்டர் அண்ணனுக்குக் காட்டவும்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த எப்.சி. வருகிற தையில். அப்போது நான் டிப்ளமோ முடித்து வெளியே போயிருப்பேன். முடிவு வேண்டுமென்றால் அடுத்த மலரில் அரைப் பக்கம் ஒதுக்கி வையுங்கள், எழுதி அனுப்புகிறேன்.