ஒரே அச்சுப் படகில் முந்துவது யார்?

கேட்டமரான் எனப்படும் இரட்டை ஓடப் பாய்ப்படகுகளின் பந்தயம் செல்வந்தர்களின் கேளிக்கை என்றும், விலை உயர்ந்த படகை வைத்திருப்பவனுக்கே அதில் ஜயம் என்றும் நம்மிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. படகு வாங்கப் பணம் வேண்டும் என்பது மெய்தான். ஆயினும், முதல் வரிசையில் வருபவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது பணமன்று, புஜபலமும் அன்று; நீரின்மீது கழித்த காலமும், அந்தக் காலம் தந்த விவேகமுமே என்பதும், அத்தகைய காலத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க நாம் தவறிவருகிறோம் என்பதும் என் திடமான கருத்து.

ஒலிம்பிக் பந்தயத்தையே பிரமாணமாகக் கொள்வோம். 1976 முதல் 2008 வரை அங்கே டொர்னாடோ என்ற வகை ஓடியது. 2016 முதல் நாக்ரா 17 என்ற வகை ஓடுகிறது. ஐந்தேகால் மீட்டர் நீளமுள்ள இந்தப் படகை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து செலுத்த வேண்டும் என்பது விதி. எல்லாப் படகுகளும் ஒரே அச்சில் வார்த்தாற்போல ஒரே அளவினவை. படகில் பேதம் இல்லாதபோது, பேதம் மனிதரிடத்தில்தான் இருந்தாக வேண்டும்.

அது எங்கே இருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இன்றைய நாக்ராவின் அடியிலுள்ள வளைந்த தகடுகள், வேகம் பிடித்ததும் ஓடங்களை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடுகின்றன. இருவரும் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்புக் கச்சையை மாட்டிக்கொண்டு, ஓடத்தின் விளிம்பில் பாதங்களை ஊன்றி, உடலை வெளியே சாய்த்து நிற்கிறார்கள். ஒருவர் கையில் சுக்கான், மற்றவர் கையில் பாய்க்கயிறு. தூரத்தில் நீர்ப்பரப்பு கறுத்துச் சுருங்குவதைக் கண்டே வேகக்காற்று வருகிறது என்று முன்கூட்டி உணர்ந்து, கயிற்றை ஒருவர் இளக்குகிற அதே க்ஷணத்தில் சுக்கானும் இசைந்து திரும்பினால் படகு பறக்கும். சற்றே பிந்தினாலும் அணியம் நீரில் குத்தி, இருவரும் முன்னால் வீசியெறியப்படுவார்கள். நெடுநாள் ஒரே நுகத்தில் பூட்டிய ஜோடிக் காளைகளுக்கு வாய்க்கும் அந்த ஐக்கியம், பல பருவங்கள் சேர்ந்து உழைத்தாலன்றி எவருக்கும் சித்திப்பதில்லை.

மதிப்பெண் கணக்கும் இதையே வலியுறுத்துகிறது. முதலில் வந்தவருக்கு 1, இரண்டாவதாக வந்தவருக்கு 2 என்று ஓட்டத்துக்கு ஓட்டம் கூட்டி, மிக மோசமான ஓட்டம் ஒன்றைக் கழித்து, எவருடைய மொத்தம் குறைவோ அவருக்கே வெற்றி. ஆகவே, ஒருநாள் பிரமாதமாக ஓடி மறுநாள் பின்தங்குகிறவரைக் காட்டிலும், காற்று பிரதிகூலமான நாளிலும் நிதானம் இழக்காமல் முன்வரிசையை விட்டுக்கொடுக்காதவரே மேலானவராகிறார். 2016-ல் ரியோவில் அர்ஜென்டினாவின் சான்டியாகோ லாஞ்சேயும் சிசிலியா கரான்சாவும், கடைசி ஓட்டத்தில் இருமுறை தண்டனைக்கு உள்ளாகியும் மனம் கலங்காமல், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தங்கம் வென்றார்கள். அப்போது லாஞ்சேக்கு வயது 54. முந்தைய ஆண்டில்தான் புற்றுநோய் காரணமாக நுரையீரலின் ஒரு பகுதியை அவர் இழந்திருந்தார். டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்துத் தங்கம் வென்ற இத்தாலியின் ருஜ்ஜேரோ டீட்டாவும் கேத்தரீனா பான்ட்டியும், பிரியாது சேர்ந்து உழைத்த ஜோடி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குப் பிரத்தியட்ச உதாரணம்.

காற்றை வாசிக்கும் இந்த வித்தை தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதன் குணமறிந்து தொழில் செய்தவர்கள் நம் கடற்கரை மக்கள். பாக் நீரிணைப் பகுதியின் பாய்ப்படகுகளில் குறுக்கே நீட்டிய பலகையின்மேல் ஏறி நின்று, உடற்பாரத்தால் படகைச் சமன்செய்யும் முறையை ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியில் விவரித்திருக்கிறார். தொண்டி, நம்புதாளைக் கரைகளில் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில், கம்பியில் தொங்கும் ஒலிம்பிக் வீரருக்கு வேண்டிய அதே சாமர்த்தியத்தைக் காணலாம். சென்னையின் நேத்ரா குமணனும், வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் ஒற்றையர் படகு செலுத்தி நமக்குப் பெருமை தேடித் தந்தார்கள். ஆனால் பரம்பரையாகக் காற்றை அறிந்த கடற்கரைக் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த விளையாட்டின் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறார்கள்.

கடற்கரையில்லாத ஊர்களுக்கு இது எட்டாக்கனி என்றும் எவரும் சொல்லிவிட முடியாது. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் பாய்ப்படகில் வெள்ளி வென்ற நேகா தாக்கூர், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயியின் மகள். அவர் பயின்றது போபால் ஏரியில். ஹைதராபாத்தின் ஹுசேன் சாகரில் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பயின்று தேசியப் பந்தயங்களில் வெல்லுகிறார்கள். அந்த மாநிலங்களுக்குக் கடல் இல்லை. பிள்ளைகளை நீரில் இறக்கிப் பழக்க வேண்டும் என்ற சங்கற்பம் இருந்தது.

தமிழ்நாட்டிலும், ஆண்டிப்பட்டியை அடுத்த வைகை அணை 1959-லிருந்து நீர் தேக்கி நிற்கிறது. ஆண்டிப்பட்டிப் பக்கத்தில் சுழலும் காற்றாலைகளே அவ்வட்டாரத்துக் காற்றுக்குச் சாட்சி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வைகை அணையில் ஒன்றும் பாக் நீரிணைக் கரையில் ஒன்றுமாக இரண்டு பாய்ப்படகுப் பள்ளிகளைத் தொடங்கட்டும். படகுகளைப் பொதுச் செலவில் வாங்கி, உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் கட்டணமின்றிக் கற்பிக்கட்டும். பத்து வயதில் நீரில் இறங்கும் பிள்ளை தேர்ச்சி பெறப் பத்தாண்டுகளேனும் ஆகும். ஆகையால் அந்த முதற்படியை இந்த ஆண்டே எடுத்துவைக்க வேண்டுமென்று அரசை வேண்டிக்கொள்கிறேன்.