நிற்பவர்களின் காலணி: எதைப் பார்த்து வாங்குவது?

ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண்கள், வார்டுக்கு வார்டு நடக்கும் செவிலியர்கள், சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர்கள், வகுப்புக்கு வகுப்பு மாறும் ஆசிரியர்கள், பரோட்டாக் கல்லின் முன் நிற்கும் மாஸ்டர்கள், வாசலில் நிற்கும் காவலாளிகள். இவர்கள் எல்லோருக்கும் பிழைப்பு காலில்தான் இருக்கிறது. தச்சர் உளியை விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறார். ஆனால் நாள் முழுவதும் நிற்பவர், தன் உடலைத் தாங்கும் காலணியை நிறம், விலை, சீருடைக்குப் பொருத்தம் என்று ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார். குறை அவருடையது அல்ல. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நின்றால் ஏன் வலிக்கிறது?

நடப்பதைவிட ஒரே இடத்தில் நிற்பது கடினம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் இறுகித் தளர்கிறது. அந்த அழுத்தத்தில் காலில் இறங்கிய இரத்தம் மேலே ஏறுகிறது. அசையாமல் நிற்கும்போது இந்த வேலை பெரும்பாலும் நின்றுபோகிறது. இரத்தமும் நீரும் கீழேயே தங்குவதால் மாலையில் கணுக்கால் வீங்குகிறது, செருப்பு வார் தோலில் பதிந்து தடம் விடுகிறது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நாம் சொல்லும் நாளப்புடைப்புக்கு, ஆண்டுக்கணக்கில் நின்றே வேலை செய்வதும் ஒரு காரணம்.

இன்னொரு வலி குதிகாலில் வருகிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு கெட்டியான பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கடினமான தரையில், தாங்கலில்லாத செருப்போடு நாள்தோறும் நின்றால், அந்தப் பட்டை குதிகாலில் ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகள் ஊசி குத்துவதுபோல வலித்து, பத்துப் பதினைந்து நிமிடம் நடந்ததும் வலி மட்டுப்பட்டால், பெரும்பாலும் இதுதான் காரணம். பலர் இதைக் குதிகால் வாதம் என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாளும் அதே செருப்பில் வேலைக்குப் போகிறார்கள்.

மெத்தென்று இருந்தால் போதுமா?

காலணி வாங்குவதில் முதல் குழப்பம் இங்கேதான். கடையில் காலை நுழைத்ததும் மெத்தென்று இருந்தால் ‘சுகமாக இருக்கிறது’ என்று வாங்கிவிடுகிறோம். கடையில் நிற்பது சில நிமிடங்கள். வேலையில் நிற்பது பத்து மணி நேரம். மிக மிருதுவான நுரை, உடல் எடையில் சில மணி நேரத்திலேயே அமுங்கித் தட்டையாகிறது. அதன் பிறகு கால் கிட்டத்தட்ட தரையிலேயே நிற்கிறது. அதோடு, குழையும் தரையில் நிலையாக நிற்பதற்காகக் கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நீண்ட நேரம் நிற்பவருக்குத் தேவை, அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கி விட்டதும் எழும்பி வரும் சோல், குதிகாலை ஆடாமல் பிடிக்கும் பின்பக்கம், விரல்கள் விரிய இடம் தரும் முன்பக்கம்.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். ஷூவின் பின்பக்கத்தை, குதிகால் உட்காரும் சுவரை, கட்டைவிரலால் அழுத்துங்கள். அட்டைபோல மடங்கினால் அது குதிகாலைப் பிடிக்காது. அடுத்து, முன்முனையையும் பின்முனையையும் பிடித்து மடக்குங்கள். பெருவிரலின் அடிக்கணு வரும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் பாதவளைவுக்குக் கீழே தாங்கல் இல்லை என்று பொருள். கடைசியாக, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்கிக்கொள்ளும் ஷூ பாதத்தையும் முறுக்கவே விடும்.

ரப்பர் செருப்பு வீட்டுக்கும் தெருமுனைக்கும் நல்லது. பத்து மணி நேர வேலைக்கு அது போதாது. பின்னால் வார் இல்லாததால், செருப்பு நழுவாமலிருக்க ஒவ்வோர் அடியிலும் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்கிறோம். நாம் அறியாமலே நடக்கும் இந்தப் பிடிப்பு, நாள் முடிவில் முன்பாதத்தைச் சோர வைக்கிறது. செருப்புதான் போட முடியும் என்ற இடங்களில், பின்வார் உள்ளதாக, சோல் ஓரளவு தடிமனாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். குதி உயரம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகும். அதற்கு மேல் ஏற ஏற உடல் எடை முன்பாதத்துக்குத் தள்ளப்படும்.

எண் சொல்வது நீளத்தை மட்டுமே

‘எனக்கு ஏழாம் நம்பர்’ என்கிறோம். அந்த எண் நீளத்தை மட்டும்தான் குறிக்கிறது. நம் கடைகளில் நெடுங்காலமாகப் புழங்குவது பிரிட்டிஷ் அளவுமுறை. அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஐரோப்பிய எண்களில் இந்த இடைவெளி ஆறரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். பாதத்தின் அகலத்தையும் மேல்புற உயரத்தையும் இந்த எண்கள் சொல்வதில்லை.

நம் சிக்கல் அகலத்தில்தான் இருக்கிறது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என்று அந்த ஆய்வு காட்டியது. அதன் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில், வயதையும் பாலினத்தையும் ஒட்டி எட்டுப் பிரிவுகள் கொண்ட இந்திய அளவுமுறை முன்வைக்கப்பட்டது.

அகலமான பாதம் உள்ளவர் பொதுவாக என்ன செய்கிறார்? பக்கவாட்டில் இறுக்குகிறது என்று ஓர் எண் கூட்டி வாங்குகிறார். அகலம் கொஞ்சம் கிடைக்கிறது. நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. ஷூ மடங்க வேண்டிய இடம் விரல்கணுவைத் தாண்டி முன்னால் போய்விடுகிறது. கால் ஓரிடத்திலும் ஷூ வேறிடத்திலும் மடங்குகின்றன. பாதம் முன்னே சறுக்குகிறது, குதிகால் பின்னால் தூக்கி உரசுகிறது. ‘செருப்பு கடிக்கிறது’ என்று நாம் சொல்வதில் பாதி இப்படி வருவதுதான். இதற்குத் தீர்வு, அதே எண்ணில் முன்பக்கம் அகலமான வேறொரு மாடலைத் தேடுவது. ஆண்களுக்கான ஷூக்கள் பெரும்பாலும் சற்று அகலமாக வருவதால், பாதம் அகலமான பெண்கள் அந்த வரிசையில் தம் அளவைத் தேடிப் பார்ப்பதில் தவறே இல்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மேல் முழு எடையும் ஊன்றி நில்லுங்கள். உட்கார்ந்தபடி வேண்டாம், நிற்கும்போதுதான் பாதம் நீண்டு விரிகிறது. வேறொருவரைப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டு கால்களையும் வரைய வேண்டும். ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது சகஜம். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். அந்தத் தாளைக் கடைக்கு எடுத்துச் சென்று ஷூவை அதன்மேல் வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே பிதுங்கித் தெரிந்தால், அந்தப் பிதுங்கலைத்தான் நாள் முழுவதும் உள்ளே திணிக்கப் போகிறீர்கள். போட்டுப் பார்க்கும்போது மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வேலைக்குப் போடும் சாக்ஸோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்பார் கடைக்காரர். தோல் அகலவாக்கில் கொஞ்சம் இளகும்; ரெக்ஸின் அவ்வளவாக இளகாது; எதுவும் நீளவாக்கில் வளராது. முதல் நாள் கடிக்கும் ரெக்ஸின் ஷூவை வாங்காதீர்கள்.

வேலைக்கு ஏற்ற காலணி

செவிலியருக்கும் சமையல்காரருக்கும் முதல் எதிரி வழுக்கும் தரை. சோலின் அடியில் ஆழமான வரிகள் இருக்கிறதா என்று பாருங்கள். மழமழவென்ற சோல் ஈரத்திலும் எண்ணெயிலும் நிற்காது. விரல்களை மூடிய, துடைத்தால் சுத்தமாகும் மேல்பகுதி வேண்டும். பல மருத்துவமனைகளில் சீருடையோடு சேர்த்து அணியப்படும் மெல்லிய பெல்லி ஷூவில் இதில் எதுவும் இருப்பதில்லை. வெயிலில் பூட்ஸோடு நிற்கும் காவலர்களுக்கு வேர்வைதான் தொல்லை. மதியம் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி சாக்ஸ் பையில் இருந்தால் சேற்றுப்புண் வெகுவாகக் குறையும். காலணியைக் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொல்லும் கடைகளில், கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ளத் தனியே ஒரு சுத்தமான ஜோடியை அனுமதிப்பது எளிதான ஏற்பாடு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்

இவர்களுக்கு மேலே சொன்ன எதையும்விட ஒரு விஷயம் முக்கியம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் ‘போட்டால் சுகமாக இருக்கிறது’ என்ற சொந்த சாட்சியத்தையே நம்ப முடியாது. ஷூ கடிப்பது தெரியாது. உள்ளே கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்னதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் பாதப்புண்ணுக்குக் காரணம் சதை தானாக அழுகுவது அல்ல, உணர்ச்சியற்ற காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் என்று காட்டினார். அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும் நுண்துளை ரப்பரில் காலணி செய்யும் முயற்சிகள் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நடந்தன. இன்று மருத்துவர்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வகை ரப்பரில் ஆனது. சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, அவர் சொல்லும் காலணியை வாங்க வேண்டும். போடுவதற்கு முன் கையை உள்ளே விட்டுத் துழாவுவதையும், இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதையும் விடக் கூடாது.

எப்போது மாற்றுவது?

ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, குதியின் ஓரம் தேய்ந்து உள் அடுக்கு தெரிந்தாலோ மேல்பகுதி புதிதாகத் தெரிந்தாலும் அதன் காலம் முடிந்துவிட்டது. முடிந்தவர்கள் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடலாம். ஒன்று காய்ந்து பழைய நிலைக்கு வர ஒரு நாள் கிடைக்கும். நல்ல ஷூவைப் பெட்டியில் பூட்டிப் பாதுகாப்பதும் பலனில்லை. பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்தில் தானே சிதைவது. போடாமல் சில ஆண்டுகள் வைத்திருந்து எடுத்தால், முதல் நடையிலேயே கேக்போல உதிர்ந்துவிடும்.

காலணி செய்ய முடியாதது

எவ்வளவு நல்ல காலணியும் நாற்காலிக்கு மாற்றாகாது. இடையிடையே உட்காருவது, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தாழ்வான பலகைமேல் வைப்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது ஆகியவை கெண்டைக்காலுக்குத் தரும் ஓய்வை எந்த சோலும் தராது. நின்று வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடைகளுக்கு அது வர வெகுகாலம் ஆனது. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் திரண்டு போராடிய பின், 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் பணியாளர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்ற பிரிவைச் சேர்த்தது.

சட்டத்தில் உள்ள இருக்கை கடைத்தளத்தில் இருக்கிறதா, அதில் உட்கார்ந்த பெண்ணை மேற்பார்வையாளர் எழுப்பாமல் விடுகிறாரா என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம். கட்டடத் தொழிலாளிக்குத் தலைக்கவசம் முதலாளியின் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டோம். நின்று வேலை செய்யச் சொல்லும் நிறுவனம், அதற்குத் தகுந்த காலணிக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஒரே மாடலை மொத்தமாக வாங்கி எல்லோர் காலிலும் மாட்டுவது பொறுப்பேற்பது ஆகாது. நிறத்தை நிறுவனம் சொல்லட்டும், தொகையைத் தரட்டும்; அளவையும் வடிவத்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்தக் காலுக்கு உரியவரிடமே இருக்கட்டும்.