வேலியோரப் பூக்களும் நம் பிள்ளைகளும்



நான்கு பருவங்கள் கொண்ட நாடுகளில், பனி விலகி இளவேனில் பிறந்ததும் காட்டுப்பூக்களைத் தேடிப் பிள்ளைகளுடன் நடப்போர் உளர். ஒரு பூவைக் கண்டு அதன் பெயரைச் சொல்வதே அவர்களுக்கு விளையாட்டு. நம் மலேசியத் திருநாட்டில் இளவேனில் கிடையாது; ஆண்டு முழுதும் ஏதேனும் ஒன்று பூத்துக்கொண்டேயிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நாம் எதையும் நின்று பார்ப்பதில்லை.

நம் மாணவரிடம் பூக்களின் பெயர்களைக் கேட்டால் மல்லிகை, ரோஜா, தாமரை என்று ஒப்புவிப்பார். 1960இல் தேசிய மலராக்கப்பட்ட செம்பருத்தியையும் சேர்த்துக்கொள்வார். பள்ளி வேலியோரம் நாள்தோறும் தாண்டிச் செல்லும் பூவைக் காட்டினாலோ, “அது வெறும் புல் ஐயா” என்பார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கினார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். வேலியிலுள்ள 9 பூக்களுக்குப் பெயர் சொல்ல நம்மில் எத்தனை பேரால் இயலும்?

தொட்டாற்சிணுங்கியின் இலையைத் தொடாத பிள்ளை இல்லை. அதன் பூவை உற்றுப் பார்த்த பிள்ளைகள் மிகக் குறைவு. அந்த இளஞ்சிவப்புப் பந்து ஒரு பூவன்று. பல சிறு பூக்களின் திரள். உன்னிச்செடியின் கொத்தில் நடுவிலுள்ள புதுப்பூக்கள் மஞ்சளாகவும் ஓரத்திலுள்ள மூத்த பூக்கள் செம்மையாகவும் இருக்கும். வண்ணத்துப்பூச்சி எந்நிறத்தை நாடுகிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள். இச்செடிக்கு மலாய்மொழியில் ‘கோழி எச்சப் பூ’ என்று பொருள்படும் பெயருண்டு. அதைக் கேட்டு வகுப்பே சிரிக்கும், பிறகு மறக்காது. (அதன் காயை மட்டும் வாயில் வைக்க விடாதீர்கள், நஞ்சு.)

எனக்கு மிகவும் பிடித்தது மலாய்க்காரர்கள் ‘எட்டு மணிப் பூ’ என்றழைக்கும் மலர். காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். செம்பனைத் தோட்டங்களின் சாலையோரங்களில் இதை வேண்டுமென்றே நடுகின்றனர். செம்பனை ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுக்களை அழிக்கின்ற சிறு குளவிகளுக்கு இதன் தேன் உணவு. தோட்டப்புறத்தில் வளர்ந்த பெற்றோர் பலர் இதைக் கடந்தே பள்ளிக்குச் சென்றிருப்பர்.

இதற்கு மதிப்பெண் உண்டா என்று சக ஆசிரியர் ஒருவர் வினவினார். இல்லை. இருக்கவும் கூடாது என்பதே என் கருத்து. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அதற்குப் பின்னும் எதைக் கண்டாலும் பயிற்றித்தாளாக்கும் பழக்கம் நம்மைவிட்டு அகலவில்லை. ‘கோடிட்ட இடத்தில் பூவின் பெயரை எழுதுக’ என்று ஒரு தாளை நீட்டினால் அன்றோடு பூவும் பாடமாகிவிடும். கண்டதைத் திரட்டேட்டில் வரைந்து, நாளையும் நேரத்தையும் குறித்தால் போதும். பிழைதிருத்தச் சிவப்பு மையும் வேண்டா.

பெயரை எங்கே தேடுவது? முதலில் பாட்டியிடம். தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி என்று பெயர்சொல்லிப் பறித்து மருந்தாக்கியவர்கள் தோட்டத்துப் பாட்டிமார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபின் அப்பெயர்களைச் சொல்லக் காரணமே இல்லாமற்போயிற்று. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொண்டால்தான் உண்டு. ஒரே செடிக்கு இரு வீடுகளில் இரு பெயர்கள் வந்தால் இரண்டையும் எழுதட்டும். ஊதாநிற இதழ்கள் ஐந்து கொண்ட செண்டுடுக் போன்றவற்றுக்கு மலாய்ப் பெயரே கிடைத்தால் அதையே எழுதட்டும். அகராதியைப் புரட்டி, யாரும் வழங்காத தூயதமிழ்ப் பெயரொன்றைப் பிள்ளைமேல் ஏற்ற வேண்டாம்.

புதர் இருந்தால் டெங்கி வருமே என்ற பெற்றோரின் அச்சத்தையும் நான் அறிவேன். ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். பூஞ்சாடித் தட்டையும் பழைய டயரையும் கவிழ்த்து வைப்போம், பூக்களை விட்டுவைப்போம். பாம்பு பற்றிய அச்சம் நியாயமானதே. ஆகவே முழங்காலுக்கு மேல் வளரவிடாமல், சாலை தெரியும் பக்கமாக இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் மாதந்தோறும் புல்வெட்டும் இயந்திரம் வருகிறது. வேலியடியில் களைக்கொல்லியும் தெளிக்கின்றனர். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், திடலின் முன்வேலியில் பத்தடி நீளத்தை மட்டும் மூன்று மாதங்களுக்குத் தொடாமல் விடும்படி கேட்கவிருக்கிறேன். உங்கள் பள்ளியில் இவ்வாறு எவரேனும் செய்திருந்தால், புல்வெட்டும் குத்தகையாளரிடம் எப்படிச் சொல்லிப் புரியவைத்தீர்கள் என்று எழுதுங்கள்.