அடுத்த படிக்கு அனுப்புவது யார்?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

குதிரையேற்றத்தில் ‘டிரெஸாஜ்’ என்று ஒரு பிரிவு உண்டு. இது வேலி தாண்டுவதும் அல்ல, பந்தயத்தில் ஓடுவதும் அல்ல. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணல் அரங்கில், ஓரங்களில் வைத்த எழுத்துப் பலகைகளை அடையாளமாகக் கொண்டு, குறித்த இடத்தில் குறித்த நடையையும் வட்டத்தையும் நிறுத்தத்தையும் செய்து காட்ட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார். மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலப் பார்க்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டும். அதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மெரீனாக் கடற்கரையில் ஐந்து நிமிடம் சவாரி போயிருக்கும் தோழியருக்கு இது எவ்வளவு கடினம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கலையில் படிகள் பல. அமெரிக்காவில் பயிற்சிப் படி என்று தொடங்கி, முதற்படி முதல் நான்காம் படி வரை சென்று, அதற்கு மேல் பன்னாட்டுப் படிகளான பிரீ சேன் ஜார்ஜ், இன்டர்மீடியேட், கிராண்ட் பிரீ என்று ஏணி உயர்ந்துகொண்டே போகிறது. ஒலிம்பிக்கில் காண்பது உச்சியிலுள்ள கிராண்ட் பிரீ. ஆனால் இந்த ஏணியில் நிற்பவர்களில் மிகப் பலர் ஒலிம்பிக்கைக் கனவிலும் எண்ணாதவர்கள். பகலில் அலுவலகத்திலும் பள்ளியிலும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் லாயத்துக்கு வந்து சேணம் பூட்டுகிற அமெச்சூர்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். ஏனென்றால் அவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நம்மை ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளியே அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுகிறது. அமெரிக்க அமெச்சூரை நாட்டுப் படிகளில் மேலே போ என்று யாரும் அனுப்புவதில்லை. விண்ணப்பத் தாளில் எந்தப் படி என்று அவரேதான் எழுத வேண்டும். ஜெர்மனியில் முறை வேறு. அங்கே பட்டயத் தேர்வுகளும் பெற்ற வெற்றிகளும் பார்த்தே மேல் வகுப்புகளில் இடம் தருகிறார்கள்.

எது சரி? மதிப்பெண்ணைக் காட்டினால்தான் மேற்படி என்று எல்லா நாடுகளிலும் சட்டம் போட்டுவிட்டால் நல்லது என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதை ஒப்பவில்லை. உரிமை சவாரி செய்பவரிடமே இருக்கட்டும். ஆனால் அவர் தம் விருப்பத்தை மட்டும் கேட்காமல், வாய் பேசாத இன்னொரு பங்காளியையும் கேட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும் என்பதே என் கட்சி.

குதிரையை எப்படிக் கேட்பது என்று சிரிக்காதீர்கள். நடுவரின் தாளிலேயே அதற்கு வழி இருக்கிறது. போட்டி முடிந்ததும், ஒவ்வோர் அசைவுக்கும் நேரே மதிப்பெண்ணும் குறிப்பும் எழுதிய தாள் சவாரி செய்தவர் கைக்கு வந்துவிடும். பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அடியிலுள்ள மொத்த விழுக்காட்டை. 60 விழுக்காடு வந்துவிட்டதா? அமெரிக்க டிரெஸாஜ் சங்கத்தின் வெண்கலப் பதக்கத்துக்கு முதல், இரண்டாம், மூன்றாம் படிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு முறை, இரு வேறு நடுவர்களிடம் 60 அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். ஆகவே 60 என்பது ஒரு மந்திர எண்ணாகிவிட்டது. அந்த எண்ணை நான் குறை கூறவில்லை. ஆனால் மொத்தம் என்பது எதையும் மறைத்துவிடும். நேராக வந்து நிற்பதில் 7, வட்டத்தில் 7, கேன்டர் ஓட்டத்தில் 4, திரும்பவும் 4, நடையில் 7 என்று வாங்கினாலும் சராசரி அறுபதுக்கு அருகில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த நாலுகள் மேற்படிக்குப் போனால் நாலாகவே இருக்கமாட்டா, மூன்றாகிவிடும். நம் கணக்குப் பாடத்தில் இயற்கணிதத்தில் வாங்கியது வடிவியலின் பள்ளத்தை நிரப்புவது போலத்தான் இதுவும். பள்ளம் எங்கே என்று நமக்குத் தெரியும், அம்மாவுக்குத்தான் தெரியாது!

தாளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ‘விடுநடை’ என்னும் வரியை. கடிவாள வாரை நீளமாக விட்டுவிட்டு, குதிரை கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டி, தோள்களை வீசி, ஆற அமர நடந்து அரங்கைக் குறுக்கே கடக்க வேண்டும். பார்ப்பதற்கு இதைவிட எளியது ஒன்றுமில்லை. ஆனால் தொடக்கப் படிகளின் அமெரிக்கத் தேர்வுத் தாள்களில் இந்த வரிக்கு மதிப்பெண் இரண்டால் பெருக்கப்படுகிறது. ஏன்? உள்ளுக்குள் அஞ்சி நடுங்கும் குதிரையால் இதைச் செய்ய முடியாது. வாரை விட்டதும் தலையைத் தூக்கும், குறுநடை போடும், இல்லையென்றால் குதித்து ஓடப் பார்க்கும். மற்ற அசைவுகளைக் கையின் பலத்தாலும் காலின் பலத்தாலும் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். இதை ஒப்பேற்ற முடியாது. விடுநடையில் 5 வாங்கும் குதிரை, ‘எனக்கு இந்தப் படியே இன்னும் பாரமாக இருக்கிறது’ என்று சொல்கிறது என்றே நான் பொருள் கொள்வேன்.

முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்குப் போவதுதான் அமெச்சூர்களுக்குப் பெரிய கண்டம். காரணம் உடலமைப்பில் இருக்கிறது. குதிரை இயற்கையாகவே தன் எடையில் பெரும்பங்கை முன்னங்கால்களில் தாங்குகிறது. முதற்படி வரை அதை நேராகவும் இசைவாகவும் ஓடவிட்டால் போதும். இரண்டாம் படியிலோ பின்னங்கால்களை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, பாரத்தைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டு, முன்பகுதியை இலேசாக்கி ஓட வேண்டும். ஒடுக்கம் என்று இதைச் சொல்லலாம். தோளை உள்ளே வாங்கி ஓரமாகச் செல்வது, இடுப்பை உள்ளே வாங்கிச் செல்வது, பின்னோக்கி எட்டு வைப்பது எல்லாம் அந்த ஒடுக்கத்தைச் சோதிப்பவை. இதற்கு வேண்டிய தசைகள் ஒரு வாரத்தில் வளர்வன அல்ல; மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். தசை வளராத குதிரையைக் கடிவாளத்தால் இழுத்துக் கழுத்தை மட்டும் வளைத்துவிட்டால் புகைப்படத்தில் ஒடுக்கம்போலவே தெரியும். முதுகு மட்டும் குழிந்து விறைத்திருக்கும். அந்த முதுகின்மேல்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிடலாகாது.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உச்சியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தின் சார்லட் டுஜார்டின், வலேக்ரோ என்ற குதிரையில் 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் ஒலிம்பிக் தனிநபர் தங்கம் வென்றவர். 2014 டிசம்பரில் இசையோடு கூடிய கிராண்ட் பிரீயில் 94.3 விழுக்காடு வாங்கி உலகச் சாதனை படைத்தார். அந்தக் குதிரை துள்ளி மகிழ்ந்து ஆடியதைக் காணொளியில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதே பெண்மணி, தம்மிடம் பயில வந்த ஒருவரின் குதிரையைக் கால்களில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த காணொளி வெளிவந்ததால், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார்; பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. அவரை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. அவ்வளவு அறிந்தவரிடமே பொறுமை தீர்ந்துபோகுமானால், வாரத்தில் நாலு மாலை மட்டும் ஏறுகிற அமெச்சூர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

இடையில் ஒரு வார்த்தை. அரங்கின் ஓரத்தில் புதிதாக வைத்த பூந்தொட்டியைக் கண்டாலே பல குதிரைகள் மிரண்டு ஒதுங்கும் என்கிறார்கள். குருத்து ஞாயிறன்று நம் ஆண்டவர் ஏறி வந்ததோ, அதுவரை ஒருவரும் ஏறாத கழுதைக் குட்டி. வழியெல்லாம் விரித்த துணிகள், அசையும் கிளைகள், கூச்சலிடும் கூட்டம். அது மிரண்டதாக நற்செய்தியில் இல்லை. இந்த விளையாட்டைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

என் கட்சிக்கு எதிர்க்கட்சியும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ‘முழுத் தகுதி வந்த பிறகே ஏறுவேன் என்று காத்திருப்பவர் கடைசிவரை ஏறமாட்டார்; மேற்படியின் பாடத்தைச் செய்து பார்த்தால்தான் கீழ்ப்படிப் பாடமும் திருந்தும்’ என்பார்கள். மெய்தான். அச்சத்துக்கு அடக்கம் என்று பெயர் சூட்டி, பத்தாண்டு பயிற்சிப் படியிலேயே சுற்றிக்கொண்டிருப்பதும் குதிரைக்குச் செய்யும் நன்மையல்ல, அதற்கும் சலித்துப்போகும். அதனால்தான் வீட்டில் ஒரு படி மேலே பயின்றுகொண்டு, போட்டியில் ஒரு படி கீழே ஏறும் வழக்கத்தை நல்லதென்று நினைக்கிறேன். எட்டும் ஒன்பதும் வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. எந்த வரியிலும் ஆறுக்குக் குறையாமல், முக்கியமாக விடுநடையில் குறையாமல் இரண்டு மூன்று முறை வந்துவிட்டால் தைரியமாக ஏறலாம். போய்ப் பார்த்து முடியவில்லையென்றால் ஒரு படி இறங்கி வரலாம். இறங்கியவரைப் பார்த்து லாயத்தில் கிசுகிசுப்பது அழகல்ல.

சட்டம் மட்டும் போட்டு ஏணியைக் காக்க முடியாது என்பதற்குப் பழைய கதை ஒன்று சொல்கிறேன். ஒரு காலத்தில் ஒலிம்பிக் டிரெஸாஜில் படைவீரர் என்றால் அதிகாரிப் பதவியில் உள்ளவர் மட்டுமே ஏறலாம். பெண்களுக்கு இடமே இல்லை. 1948-இல் தங்கம் வென்ற சுவீடன் அணியில் யேனெல் பெர்சன் என்பவர் உண்மையில் அதிகாரி அல்லர் என்று தெரிந்ததும், மறு ஆண்டு அந்த அணியின் பதக்கத்தையே பறித்துவிட்டார்கள். அவருடைய சவாரியில் குறை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. 1952-இல் விதி மாறியது. ஹெல்சிங்கியில் அதே மூவரும் வந்து மறுபடி தங்கம் வென்றார்கள். அதே போட்டியில் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் என்ற பெண்மணி தனிநபர் வெள்ளி வென்றார். 1944-இல் போலியோவால் தாக்கப்பட்டு முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டும். காலால் உதைத்துக் கட்டளையிட முடியாதவர் உட்காரும் பாங்கினாலேயே ஜூபிலி என்ற தம் குதிரையை ஆட்டிவைத்தார் என்றால், பலத்தால் ஒப்பேற்றுவதைப் பற்றி நான் இன்னும் என்ன சொல்ல?

நம் நாட்டுச் செய்தியும் இதில் உண்டு. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா டிரெஸாஜ் குழுப் போட்டியில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம். சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா என்ற நால்வரில் இருவர் பெண்கள். செய்தித்தாள்கள் படத்தைப் போட்டன. எந்தப் படியில் வென்றார்கள் என்பதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். அது கிராண்ட் பிரீ அன்று. அதற்குக் கீழேயுள்ள பிரீ சேன் ஜார்ஜ். கணக்கில் கொண்ட மூவரின் விழுக்காடுகளின் கூட்டுத்தொகை 209.205. ஆளுக்குச் சராசரி 70-ஐக்கூடத் தொடவில்லை. அனுஷ் அகர்வாலா 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராண்ட் பிரீயில் ஏறினார். வேறொரு குதிரையின்மேல்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்லத் துணிகிறேன். மேல்நாடுகளில் வசதியுள்ள சில பெற்றோர், மேற்படிகள் எல்லாம் கற்ற குதிரையை விலைக்கு வாங்கி மகளை அதில் ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட குதிரை ஆசிரியர் போன்றது. அதனிடம் பயில்வது பெரும் பேறு. ஆனால் அடுத்த மாதமே மூன்றாம் படியில் அவளைப் பதிவு செய்துவிட்டு, ஓட்டம் நடுவே கால்மாற்றிக் காட்டியது அவள்தான் என்று உறவினருக்குச் சொல்வதில் என்ன இருக்கிறது? பாடம் ஒப்பித்தது குதிரை.