குழாய்த் தொழிலும் நமது யுவர்களும்

பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைகளை மேற்கொண்டு எதில் சேர்ப்பது என்ற விசாரம் ஒவ்வொரு வருஷமும் வைகாசி, ஆனி மாதங்களில் தமிழ்நாட்டு வீடுகளில் எழுகிறது. விடையும் வருஷந்தோறும் ஒன்றுதான்: என்ஜினீயரிங் கலாசாலை. நிலத்தை ஒத்தி வைத்தாவது, நகையை அடகு வைத்தாவது, நான்கு வருஷம் படிக்க வைத்து ஒரு பட்டத்தை வாங்கிவிட்டால் பிள்ளை கரையேறிவிட்டான் என்று பெற்றோர் நம்புகிறார்கள். அந்தப் பட்டதாரிகளில் அநேகர் பிறகு யந்திரத்தின் பக்கமே போகாமல், படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு மேஜையின் முன் உட்கார்ந்து காலங்கழிப்பதை நாம் தினந்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த நிலைமையில், பெரிய ஆலைகளில் குழாய்களை அளந்து, வெட்டி, பொருத்தி நிறுத்தும் 'பைப் பிட்டர்' என்னும் தொழிலாளியைப் பற்றி ஒரு தினசரியின் தலையங்கப் பக்கத்தில் எழுத வேண்டுமா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். அந்த முகச் சுளிப்பே நாம் எழுதத் துணிந்ததற்குக் காரணம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். வீட்டுக் குழாயில் நீர் ஒழுகினால் வந்து பழுது பார்ப்பவரும், ஆலைக் குழாய்களைப் பொருத்துபவரும் ஒரே தொழிலாளி அல்லர். முன்னவர் வேலையும் மதிப்புள்ள வேலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னவர் கையாளுவது சாதாரணத் தண்ணீரை அல்ல. கொதிகலனில் பிறந்த நீராவியையும், சுத்திகரிப்பாலையில் காயும் எண்ணெயையும், அமிலத்தையும், விஷ வாயுவையும் அடக்கிக் கொண்டு செல்லும் இரும்பு வழிகளை. 1969-ஆம் வருஷம் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கிய மணலி ஆலையானாலும், 1956-இல் ஸ்தாபிக்கப்பட்ட நெய்வேலிக் கம்பெனியின் அனல் நிலையங்களானாலும், கொதிகலன்கள் செய்யும் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையானாலும், கூடங்குளமானாலும், அங்கெல்லாம் மனித உடம்பில் நரம்பும் நாளமும் போல ஓடுபவை குழாய்களே. சர்க்கரை ஆலை, சாயப்பட்டறை, பால் பண்ணை, மருந்துத் தொழிற்சாலை எதை எடுத்துக்கொண்டாலும் விஷயம் இதுதான். யந்திரத்தை விலை கொடுத்து வெளியிலிருந்து வாங்கி வந்துவிடலாம். ஒரு யந்திரத்திற்கும் மற்றொரு யந்திரத்திற்கும் நடுவே செல்லும் குழாயை அந்த அந்த இடத்திலேயே அளந்து பொருத்தியாக வேண்டும்.

இந்தத் தொழிலில் மூளைக்கு வேலையில்லை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஆறங்குலக் குழாய் என்று பெயர் சொல்லப்படுவதன் வெளிவிட்டம் ஆறு அங்குலமல்ல; 168.3 மில்லிமீட்டர், அதாவது ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு அங்குலம் வரையில் பெயர் ஒன்று, அளவு வேறு; பதினான்கு அங்குலம் முதல் பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. இது மேல்நாட்டார் வழக்கத்தின் விசித்திரம். அதை மனப்பாடமாக வைத்திராதவன் முதல் நாளிலேயே தவறான இரும்பை வெட்டிவிடுவான். நேராக வரும் குழாயை ஒரு மீட்டர் பக்கவாட்டில் தள்ளி, 45 பாகைச் சாய்வில் கொண்டுபோக வேண்டுமானால், சாய்ந்து செல்லும் தூரம் ஒரு மீட்டரல்ல, 1.414 மீட்டர். அதிலிருந்து இரண்டு முனையிலும் வரும் வளைவுகளின் அளவைக் கழிக்க வேண்டும். நீள் வளைவான 90 பாகை 'எல்போ'வின் மையத்திலிருந்து முனை வரையிலுள்ள தூரம் குழாயின் பெயரளவைப் போல ஒன்றரை மடங்கு. ஆறங்குலத்துக்கு ஒன்பது அங்குலம். பற்றவைப்பவர் வேலை செய்வதற்காக இரு முனைகளுக்கும் நடுவே விட வேண்டிய சில மில்லிமீட்டர் இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகுதான் குழாயின்மீது சாக்குக்கட்டியால் கோடு போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் முக்கோண கணிதம் எதற்கு என்று கேட்ட பையனுக்கு இங்கே பதில் கிடைக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லுகிறோம். இரண்டு குழாய்களைச் சேர்க்கும் தட்டுக்குப் 'பிளாஞ்சு' என்று பெயர். அதன் துளைகளில் மேலேயுள்ள இரண்டும் நடுக்கோட்டின் இரு பக்கத்திலும் சமமாக அமைய வேண்டும். அதற்காக அத்துளைகளில் இரண்டு ஆணிகளைச் செருகி, அவற்றின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு பாகை பிசகினால், வளைவுக்கு அப்பால் ஆறு மீட்டர் நீளம் செல்லும் குழாயின் நுனி சுமார் 10 சென்டிமீட்டர் விலகிப் போய்விடும். அப்போது அரைகுறை வேலைக்காரன் என்ன செய்கிறான்? சங்கிலிக் கப்பியை மாட்டிக் குழாயைப் பலவந்தமாக இழுத்துத் தட்டோடு தட்டைச் சேர்த்து முடுக்கிவிடுகிறான். அன்றைக்கு வேலை முடிந்ததுபோலத் தோன்றும். இழுபட்ட குழாயின் பாரம் முழுவதும் பம்பின் கழுத்தில் உட்கார்ந்துகொள்ள, பம்பு அடிக்கடி பழுதாகும். காரணமோ யாருக்கும் தெரியாது. நல்ல பிட்டர் அந்த இடத்தில் இழுக்க மாட்டார். அறுத்துத் திரும்பப் பொருத்துவார். மேஸ்திரி கோபித்துக்கொண்டாலும் அவர் கை அதற்குத் துணியாது.

இத்தொழிலில் அறிவும் தைரியமும் எவ்வளவு தேவை என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். லிங்கன்ஷயரில் பிளிக்ஸ்பரோ என்னுமிடத்திலிருந்த ரஸாயன ஆலையில் ஆறு பெரிய கலன்கள் வரிசையாக இருந்தன. 1974-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் ஐந்தாவது கலனில் பிளவு கண்டது. அதை எடுத்துவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் இணைக்க 20 அங்குலக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டார்கள். கலன்களின் வாய் 28 அங்குலம். குழாயோ சிறியது, நடுவில் கோணலானது. அதற்கு முறையான வரைபடம் கிடையாது. பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்த படம்தான் உண்டு. ஜூன் மாதம் 1-ந் தேதி அந்தக் குழாய் பிய்த்துக்கொண்டது. வெளியேறிய ஆவி தீப்பற்றி வெடித்ததில் 28 பேர் மாண்டார்கள். அன்று சனிக்கிழமையாக இல்லாதிருந்தால் மாண்டவர் தொகை இன்னும் பெருகியிருக்கும். குற்றம் குழாயைப் பொருத்திய தொழிலாளிகளுடையது என்று நாம் சொல்ல வரவில்லை. கணக்குப் பார்க்காமல் உத்தரவு போட்ட நிர்வாகத்தின் தலையிலேதான் அது விழ வேண்டும். ஆனால் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த தொழிலாளி, "படம் எங்கே?" என்று கேட்கக்கூடிய தொழிலாளி, எந்த ஆலைக்கும் ஒரு காவல். அவ்விதம் கேட்கத் தெரியாதவர்களையும் கேட்க அஞ்சுகிறவர்களையுமே நாம் உற்பத்தி செய்துகொண்டிருந்தால் அந்தக் காவல் எங்கிருந்து வரும்?

இனி, இந்தத் தொழிலில் நமது பிள்ளைகள் எவ்விதம் புகுகிறார்கள் என்பதைக் கவனிப்போம். வாசல்கள் இரண்டு. ஒன்று ஐ.டி.ஐ. என்று வழங்கும் தொழிற்பயிற்சி நிலையம். அங்கே 'பிட்டர்' வகுப்பு இரண்டு வருஷம், 'வெல்டர்' வகுப்பு ஒரு வருஷம், 'பிளம்பர்' வகுப்பும் ஒரு வருஷம். நம்மைக் கேட்டால், இத்தொழிலுக்கு வர விரும்பும் பையன் இரண்டு வருஷப் 'பிட்டர்' வகுப்பில் சேர்ந்து, அரமும் அளவுகருவியும் கையில் படிந்த பிறகு, ஒரு ஆலையில் அப்ரண்டிஸாகப் போவதே சிலாக்கியம் என்போம். பற்றவைப்பையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பிறகு யாரும் அவனை ஏமாற்ற முடியாது.

இரண்டாவது வாசல் கண்டிராக்டரின் வாசல். அநேகமாக எல்லோரும் போவது இந்த வழியாகத்தான். ஊரிலிருந்து ஒரு உறவினர் அழைத்துப் போகிறார். 'ஹெல்பர்' என்று பெயர் எழுதிக்கொள்கிறார்கள். குழாயைச் சுமப்பதும், கிரைண்டர் பிடிப்பதும், தேநீர் வாங்கி வருவதும் அவன் வேலை. தேர்ந்த பிட்டர் அளக்கும்போது எட்டி நின்று பார்த்தால்தான் உண்டு. கற்றுக்கொடுப்பது யாருடைய கடமையும் அல்ல. சில மூத்த தொழிலாளிகள் மனமுவந்து கற்றுத் தருகிறார்கள், சிலர் தம் பிழைப்பு போய்விடுமென்று மறைக்கிறார்கள். இப்படிப் பல வருஷம் கழிந்து அவன் உண்மையிலேயே தொழில் கற்றுவிட்டாலும், சம்பளப் புஸ்தகத்தில் அவன் ஹெல்பராகவே இருக்கிறான். ஏனெனில் பெயரை மாற்றினால் கூலியை மாற்ற வேண்டும். வேலை முடிந்து கண்டிராக்டர் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போகும்போது, அவன் கற்றதற்குச் சாட்சியாக ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சுவதில்லை. இது நாம் சகித்துக்கொண்டிருக்கும் பெரிய அநியாயங்களில் ஒன்று.

சட்டம் இல்லாமலில்லை. 1961-ஆம் வருஷத்திலேயே அப்ரண்டிஸ் சட்டம் இயற்றப்பட்டது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, கண்டிராக்ட் ஆட்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள், தம் ஆள்தொகையில் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை அப்ரண்டிஸ்களை எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். ஐ.டி.ஐ. ஸர்டிபிகேட் உள்ளவனுக்கு மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையாமல் உதவித்தொகை என்று அவ்வருஷம் நிர்ணயித்தார்கள். ஆலையிருக்கும் ஊரில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தெரிந்தவர்கள் இத்தொகையைப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டில் வசதியில்லாத பையன் அப்ரண்டிஸாக இராமல் உடனே கூலி கிடைக்கும் ஹெல்பர் வேலைக்கு ஓடுவதில் என்ன ஆச்சரியம்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1889-இல் ஏற்பட்ட குழாய்த் தொழிலாளர் சங்கத்தார் ஐந்து வருஷப் பயிற்சியை நடத்துகிறார்கள். அங்கே கற்கிறவனுக்குக் கிடைப்பது தர்மமல்ல, கூலி. கற்கக் கற்க அது ஏறிக்கொண்டே போகிறது. சங்கமே பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருப்பது நமது தொழிற்சங்கத் தலைவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். நம் சங்கங்கள் போனஸுக்காகப் போராடியிருக்கின்றன, அது நியாயமே. பையன்களுக்கு வரைபடம் கற்பிக்க எத்தனை சங்கங்கள் ஒரு மாலை வகுப்பு நடத்தியிருக்கின்றன?

வளைகுடா நாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து இந்தத் தொழிலுக்காகக் கடல் கடப்பவர்கள் ஏராளம். போவது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் 1983-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதன்மீது வரியும் மட்டுமே வாங்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பத்தாவது தேறாதவன் அந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியேற்ற அதிகாரியின் அனுமதி பெற வேண்டும் என்பதும், அது அவனுடைய பாதுகாப்புக்காகவே ஏற்பட்டது என்பதும் தெரியுமா? பிட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப்போய் மூட்டை சுமக்க விடப்பட்டவன் யாரிடம் முறையிடுவான்? 1978 முதல் தமிழ்நாட்டு ஸர்க்காரே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தை நடத்தி வருகிறது. அதன் பெயர்கூடத் தெரியாத கிராமங்களில், ஏஜெண்டின் சுவரொட்டி மட்டும் தவறாமல் ஒட்டப்பட்டிருக்கிறது.

இத்தொழில் சொர்க்கம் என்று பொய் சொல்லி யாரையும் இழுக்க நாம் விரும்பவில்லை. வெயிலில் காய்ந்த இரும்பின்மேல் வேலை. சாரத்தில் ஏற வேண்டும். கலனுக்குள் புக வேண்டும். பற்றவைப்புக்காகக் குழாயில் நிரப்பும் ஆர்கான் வாயுவுக்கு நிறமுமில்லை, நாற்றமுமில்லை. அது தேங்கிய இடத்தில் தலையை நுழைத்தவன் மூச்சடைத்து விழுவான். 2020-ஆம் வருஷம் மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் நெய்வேலியில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்தபோது உயிரிழந்தவர்களில் கண்டிராக்ட் தொழிலாளிகள் இருந்தார்கள் என்பதை மறப்பதற்கில்லை. வேலையும் ஓரிடத்தில் நிலைப்பதல்ல. ஒரு ஆலை கட்டி முடிந்தால் வேறு ஆலை, ஒரு ஊர் போய் வேறு ஊர். குடும்பத்தோடு இருக்க ஆசைப்படுகிறவனுக்கு இது கஷ்டமே. இவ்வளவையும் தெரிந்துகொண்டு வருகிறவனே நிலைத்து நிற்பான்.

ஊர்தோறும் பொதுக் காரியம் பார்க்கும் அன்பர்களுக்கு இதில் வேலை உண்டு. உங்கள் ஊரிலுள்ள ஐ.டி.ஐ.க்குப் போய், வாத்தியார் பதவிகளில் எத்தனை காலி, பட்டறையில் யந்திரம் ஓடுகிறதா, துருப்பிடித்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து ஆலையில் சட்டப்படி எத்தனை அப்ரண்டிஸ்கள் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 2005 முதல் அந்த உரிமை நமக்கு உண்டு. ஒவ்வொரு கண்டிராக்டரும் வேலை முடித்துப் போகும் தொழிலாளிக்கு, அவன் செய்த வேலையையும் காலத்தையும் குறித்து ஒரு ஸர்டிபிகேட் தர வேண்டுமென்று சட்டசபையில் கேட்கச் செய்யுங்கள். குழாய் வரைபடத்தைப் படிக்கும் முறையை நல்ல தமிழில் விளக்கும் ஒரு சிறு புஸ்தகத்தை, ஹெல்பராக வேலை செய்யும் பையன் வாங்கக்கூடிய விலையில் ஸர்க்கார் அச்சிட்டு, ஆலைகள் உள்ள ஊர்களின் வாசகசாலைகளில் வைக்கச் சொல்லுங்கள்.