சம்மனும் கைக்குழந்தையும்

என் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகக் கலிபோர்னியா போயிருந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தபோது, ஒரு நாள் கோர்ட்டிலிருந்து அவள் பெயருக்குக் கடிதம் வந்தது.

"சம்மனா! என்னடி பண்ணினே?" என்று பதறிவிட்டேன்.

"குத்தம் ஒண்ணும் இல்லேக்கா. ஜூரியா உட்காரக் கூப்பிடறாங்க" என்று சிரித்தாள்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்தது. 1959-இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. அமெரிக்காவிலோ இன்றும் சாதாரண ஜனங்கள்தான் வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று சொல்கிறார்கள். கூப்பிட்டும் போகாமலிருந்தால் அபராதம் கட்ட நேரலாம்.

பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது? யாருக்கு விலக்கு என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. கலிபோர்னியாவில் தாய்ப்பால் கொடுப்பவள் அதை எழுதிக் கொடுத்தால் போதும்; ஒரு வருஷம் வரை தள்ளிப் போடுவார்கள். அதற்காக நேரில் போக வேண்டியதில்லை. குழந்தை பால் மறக்கவில்லையென்றால் மறுபடியும் எழுதிக் கேட்கலாம். உடம்பு முடியாதவர்களும், மாற்று ஆளில்லாமல் வீட்டில் யாரையாவது கவனித்துக் கொள்கிறவர்களும் விலக்குக் கேட்கலாம்.

"அப்பாடா! ஒரேயடியா வேண்டாம்னு எழுதிடு. வீட்டுப் பொம்பளைக்குக் கோர்ட் எதுக்கு?" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அப்படிச் சொல்லித்தான்க்கா இங்கே ரொம்ப நாள் பெண்களை ஒதுக்கி வெச்சிருந்தாங்க" என்றாள்.

ஃபுளோரிடாவில், கணவனைக் கொன்றதாக ஒரு பெண் மீது வழக்கு. ஜூரியில் அத்தனை பேரும் ஆண்கள். தானாக வந்து பெயர் கொடுக்காத பெண்ணை ஜூரிக்குக் கூப்பிடுவதில்லை என்பது அங்கே சட்டம். வீடும் குடும்பமும் பெண்ணை நம்பி இருப்பதால் அது சரிதான் என்று 1961-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. லூசியானாவிலும் இதே சட்டம். அந்த வட்டாரத்தில் ஜூரிக்குத் தகுதியானவர்களில் 53 சதவிகிதம் பெண்கள். ஜூரிப் பட்டியலிலோ 10 சதவிகிதத்துக்கு மேல் இல்லை. அது செல்லாதென்று 1975-இல்தான் தீர்ப்பு வந்தது.

"குழந்தைக்காகக் கொஞ்ச நாள் தள்ளிப் போடறது வேறே, பொம்பளைன்னு தள்ளி வைக்கிறது வேறே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே பாரத்தைப் பூர்த்தி செய்து, ஒரு வருஷம் மட்டும் தவணை கேட்டு எழுதினாள்.

பெண்ணோ மருமகளோ அங்கே இருக்கிற சகோதரிகளே! இந்த மாதிரிக் கடிதம் வந்தால் குப்பையில் போட்டுவிட வேண்டாமென்று சொல்லுங்கள். பிரஜையாகாதவர்களும் அதைக் குறிப்பிட்டுப் பாரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறாதலால், கடிதம் அனுப்பிய கோர்ட்டிலேயே விசாரித்துக் கொள்வது நல்லது.

குழந்தை பால் மறந்த பிறகு மறுபடியும் சம்மன் வந்தது. தங்கை போனாள். பகல் முழுக்கக் காத்திருந்தும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லையாம்.

"ஒரு நாள் வீணாப் போச்சே" என்றேன் போனில்.

"வீணில்லேக்கா. என் பேரைக் கூப்பிட்டாங்க, நான் எழுந்து நின்னேன்" என்றாள்.