சிலிர்த்த இறகு தூக்கமல்ல
தருமபுரி வீடுகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று வளர்க்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பட்ஜி என்னும் சிறு கிளிகள். கூட்டமாக வாழும் இப்பறவை, எதிரியின் கண்ணில் படாதிருக்க நோயை மறைக்கும். பகலிலும் இறகு சிலிர்த்து, மூச்சுக்கு மூச்சு வால் ஆடத் தொடங்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். சுமார் 35 கிராம் உடம்பில் பட்டினியைத் தாங்கும் சேமிப்பும் கிடையாது. ஆகவே ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதே பேராபத்து. சில நூறு ரூபாய்ப் பறவைக்கு வைத்தியமா என்பார்கள். விலை நாம் வைத்தது, வலி அதனுடையது. கடையில் தரும் மருந்தைத் தண்ணீரில் கலந்தால் போதாதா? சரியாகக் குடிக்காத பறவைக்கு மருந்து உரிய அளவில் எப்படிச் சேரும்? மாடு பார்க்கும் மருத்துவருக்குக் கிளி தெரியுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கூண்டின் மூன்று பக்கமும் துணி போர்த்தி, கதகதப்பாக வைத்து, எச்சம் படிந்த தாளையும் எடுத்துக்கொண்டு அன்றே கிளம்புங்கள்.